குளவிக்கூட்டில் கை வைப்பதற்கு முன்னால்

குளவிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ரெண்டே கேள்விதான். எந்தக் குளவி? எந்த இடத்தில் கட்டியிருக்கிறது? இது ரெண்டும் தெரியாமல் கையில் ஸ்பிரேயோ தீப்பந்தமோ எடுக்கவே கூடாது. நம் வீட்டைச் சுற்றி இருக்கும் கூடுகளில் பலவற்றைத் தொடவே வேண்டியதில்லை, தொட வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து தேவையில்லை, மிச்சம் இருக்கிற ஒரு வகையில் நாமே கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளேயே ஓட்டு வீடு. கேரளத்துக்குள் இருந்தாலும் பேச்சு, பள்ளிக்கூடம், கல்யாணம், கருமாதி எல்லாம் தமிழில்தான், சாமான் வாங்கப் போவது பொள்ளாச்சிக்கு. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் அந்தப் பக்கமும் இதே தென்னை, இதே குளவி. ஆனால் இந்தப் பக்கம் சித்தூர் தாலுகா முழுக்கக் கள் இறக்குகிறார்கள், அந்தப் பக்கம் அதற்குத் தடை. கள்ளு மரம் இருக்கிற தோப்பில் குளவி கூடுதலாகவே வரும், ஏனென்றால் சீவிய பாளையில் கசியும் இனிப்பும் புளித்த வாசனையும் குளவிக்கும் கதண்டு என்கிற பெரிய குளவிக்கும் ரொம்பப் பிடித்தவை. ஆக வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கூட்டோடுதான் எங்கள் குடித்தனம். கொட்டு வாங்காதவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

முதலில் மண்ணுக்கூடு. சுவர் மூலையில், கதவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், மடித்து வைத்த குடைக்குள் உருண்டையாகவோ நீளமாகவோ ஈரமண்ணைப் பூசி வைத்திருக்குமே, அது. வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் நல்லது, பிள்ளை பிறக்கப் போகிறது என்று எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அதை உடைக்க விடமாட்டார். அவர் சொன்ன காரணம் எப்படியோ, உடைக்காமல் விட்டது சரியான காரியம். மண்ணுக்கூடு கட்டுகிற குளவிக்குக் கூட்டமே கிடையாது, ஒரே ஒரு தாய்க்குளவி தனியாக மண் சுமந்து கட்டுகிறது. காவல் காக்கும் பட்டாளம் இல்லாததால் பக்கத்தில் போனாலும் துரத்தி வந்து கொட்டாது, கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். கறுப்பும் மஞ்சளுமாக, இடுப்பு நூல் மாதிரி ஒல்லியாக இருக்கிற ஒரு வகைக்குச் செலிஃப்ரான் மதராஸ்பட்டானம் என்று பெயர், நம் மதராஸ் பெயரை வைத்து டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1781-இல் எழுதியது. அது சிலந்திகளைக் கொட்டி மயக்கி, உயிரோடு உள்ளே அடுக்கி, முட்டை வைத்து மூடிவிடும். இன்னொரு வகை சின்னப் பானை போல அழகாகக் கட்டி உள்ளே பச்சைப் புழுக்களை வைக்கும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்வார்களே, உள்ளே நடப்பது வேறு. அந்தப் புழு குளவியின் குஞ்சுக்குத் தீனி, வெளியே வருவது அதைத் தின்று வளர்ந்த குஞ்சு.

இந்த மண்குளவி தொல்லை தருவது ஓட்டைகளில் மட்டும்தான். ஓட்டை எங்கே இருந்தாலும் அடைத்துவிடும். பிளக் பாயிண்ட் துளை, பூட்டின் சாவித்துளை, சொட்டுநீர்க் குழாயின் திறந்த முனை, தெளிப்பானின் நாசில், கேட் பைப்பின் வாய், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. தோப்பில் ஒரு வரிசைக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை என்று தோண்டித் துருவிப் பார்த்தால் கடைசியில் முனையில் ஒரு கட்டி மண் இருக்கும். இதற்கு ஒரே வழி, சும்மா கிடக்கும் குழாய்களுக்கு மூடி போட்டு வைப்பது, உபயோகிக்காத பிளக் துளைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைப்பது, ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்துகளைச் சிமெண்ட் பூசி மூடுவது. ஸ்டார்ட்டர் பெட்டியில் கட்டியிருந்தால் மெயினை நிறுத்தாமல் ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடாதீர்கள், அங்கே குளவியை விடக் கரண்ட்தான் எமன். மண்ணுக்கூட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தால் குஞ்சு வெளியே போய்விட்டது என்று அர்த்தம், தாராளமாகச் சுரண்டி எடுக்கலாம். துளை இல்லாமல் மூடியிருந்தால், இடைஞ்சல் இல்லாத இடம் என்றால், விட்டுவிடுங்கள்.

அடுத்தது தாள்கூடு. ஓட்டு விளிம்பிலும், ஜன்னல் சட்டத்தின் அடியிலும், வாழை இலைக்குக் கீழேயும், கறிவேப்பிலைச் செடிக்குள்ளும் சாம்பல் நிறத்தில் ஒரு காம்பில் தொங்கும். கீழிருந்து பார்த்தால் அறை அறையாகத் திறந்து தெரியும், மேலே உறை கிடையாது. பழைய மரம், வேலிக்கம்பு, காய்ந்த தண்டு இவற்றைச் சுரண்டி எச்சிலோடு மென்று கட்டுவது. நம் பக்கம் அதிகமாகக் கண்ணில் படுகிற சிவந்த பழுப்பு நிறக் குளவிக்கு ரோபலிடியா மார்ஜினாட்டா என்று பெயர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்தவர். அவர் குழு கண்டுபிடித்ததில் எனக்கு வியப்பானது, கூட்டின் ராணியை எடுத்துவிட்டால் இன்னொரு வேலைக்காரக் குளவி அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது, கூடு நின்றுபோவதில்லை. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் குளவிக்கூடு தானாகக் காலியாகிவிடும், அதுவரை பொறுங்கள் என்று எழுதுவார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. இங்கே இந்தக் குளவி எந்த மாதத்திலும் கூடு தொடங்கும், தொடங்கியது எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஓடும்.

அதனால் கவனிக்க வேண்டியது தொடக்கத்தில். பத்து விரல் அகலத்துக்கு வளர்ந்த கூட்டை எடுப்பது பெரிய வேலை, கட்டை விரல் அளவு இருக்கும்போது எடுப்பது ஒன்றுமே இல்லை. வாரத்தில் ஒரு நாள் வீட்டைச் சுற்றி அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு நடை நடந்தால் போதும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் கிழக்குப் பக்க விளிம்பில்தான் கட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் அடியில் அந்தப் பக்கம் கூடு நிற்பதில்லை. உங்கள் வீட்டிலும் காற்றும் மழைச்சாரலும் படாத பக்கம் எது என்று பார்த்து வையுங்கள், அங்கேதான் வரும்.

எடுப்பதா விடுவதா என்பதை நான் இடத்தை வைத்து முடிவு செய்வேன். பின்பக்கம் சுவரில், யாரும் போகாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுவேன், அவை பாட்டுக்குக் காய்கறித் தோட்டத்துப் புழுக்களைப் பொறுக்கித் தின்னட்டும். கத்தரி, வெண்டைக்குள் அவை இலை இலையாகத் தேடுவதை உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கும் மனசு வராது. ஆனால் வாசல் நிலைக்கு மேலே, துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், குழந்தைகள் விளையாடும் இடத்தில், கை போகும் குழாயடியில், கேட் தாழ்ப்பாளில் கட்டினால் யோசிக்காமல் எடுத்துவிட வேண்டும். அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் எந்த இடமும் விட வேண்டாம்.

எடுக்கும் முறை. வெயில் ஏறுவதற்கு முன்னால் விடிகாலையிலோ, பொழுது சாய்ந்து நன்றாக இருட்டிய பிறகோ. பகலில் பாதிக் குளவி வெளியே மேயப் போயிருக்கும், திரும்பி வந்து கூட்டைக் காணாமல் அந்த இடத்திலேயே சுற்றும், அப்போதுதான் போகிற வருகிறவர்களுக்குக் கொட்டு விழும். முழுக்கை சட்டை, பேன்ட், தலைக்குத் துண்டு, கண்ணாடி. வெளிர் நிறமாக இருந்தால் நல்லது, கறுப்புத் துணி வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரெண்டு மூன்று ஸ்பூன் கலந்து கைத்தெளிப்பானில் ஊற்றிக்கொள்ளுங்கள். குளவி மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக. வெறும் தண்ணீர் அதன்மேல் ஒட்டாமல் வழிந்துவிடும், சோப்புத்தண்ணீர் அந்தத் துளைகளுக்குள் இறங்கி அடைத்துவிடும், நனைந்த சிறகோடு பறக்கவும் முடியாது. மெல்லிய தூறலாக அடித்தால் கோபம்தான் வரும், நாசிலை முறுக்கிப் பீய்ச்சும் அளவில் வைத்து முழுக் கூடும் நனைய அடிக்க வேண்டும். பிறகு தொரட்டியால் தட்டிக் கீழே விழவைத்து மிதித்துவிடலாம். இருட்டில் செய்தால் டார்ச்சைக் கையில் பிடிக்காதீர்கள், வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பறந்து வரும். டார்ச்சைத் தள்ளி ஒரு திண்ணையிலோ சுவரிலோ வைத்துவிட்டு நீங்கள் வேறு பக்கம் நில்லுங்கள். ஏணி மேல் நின்று செய்யவே கூடாது, ஒரு குளவி முகத்துக்கு வந்தால் போதும், கொட்டை விட விழுகிற அடி பெரிதாகிவிடும். தப்பி ஓட ஒரு வழியை முன்னாலேயே பார்த்து வைத்து, அந்தக் கதவைத் திறந்து வைத்திருங்கள்.

கூடு விழுந்ததோடு வேலை முடிவதில்லை. காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டிக் கழுவி, மரமாக இருந்தால் பெயிண்ட் அடித்துவிடுங்கள், பெயிண்ட் அடித்த மரத்தை அவற்றால் சுரண்டவும் முடியாது. மிஞ்சிய குளவிகள் அதே இடத்துக்கு வந்து மறுபடி தொடங்கப் பார்க்கும், சில நாள் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும். சமையலறைப் பக்கம் உரிமட்டையைப் போட்டுப் புகை காட்டினால் அப்போதைக்கு விலகும், ஆனால் கூடு இருக்கும்வரை திரும்பி வரும். மண்ணெண்ணெய்த் துணியைக் கழியில் சுற்றிக் கொளுத்துகிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. ஓட்டு வீட்டிலும் கீற்றுக் கொட்டகையிலும் அதைச் செய்வது வீட்டைக் கொளுத்துகிற வேலை, சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

இப்போது கதண்டு. பெரிதாக, கருப்பாக, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை மட்டும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். மலையாளத்துக்காரர்கள் கடன்னல் என்பது இதைத்தான். கூடு காகிதப் பந்து மாதிரி, முழுக்க உறை மூடியிருக்கும், ஒரே ஒரு வாசல். மரத்தில், புதரில், தென்னங்கொண்டையில், பாழடைந்த கிணற்றுச் சுவரில், சில வகை மண்ணுக்குள் பொந்திலும் கட்டும். வீட்டு விளிம்பில் ஒற்றைக் கதண்டு சுற்றிச் சுற்றி வருகிறதென்றால் உடனே அங்கே கூடு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பட்டைக் கதண்டுக்குத் தாள்கூட்டுக் குளவியின் குஞ்சுகள்தான் இரை, கூட்டில் வந்து இறங்கினால் சின்னக் குளவிகள் எதிர்க்காமல் பறந்துவிடும், அது உட்கார்ந்து ஒவ்வோர் அறையாகக் காலி பண்ணும். வாசலில் தாள்கூடு சேராமல் பார்த்துக்கொண்டால் அதைத் தேடி வரும் கதண்டும் குறையும். தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை, பெட்டி வாசலில் காத்திருந்து தேனீயைத் தூக்கும். வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சிறிதாக்கி வையுங்கள்.

கதண்டுக்கூட்டில் நாமாகக் கை வைக்கக் கூடாது. சோப்புத்தண்ணீரும் வேண்டாம், புகையும் வேண்டாம், கல்லும் வேண்டாம். ஒரு கதண்டை நசுக்கினால் அதிலிருந்து கிளம்பும் வாசனையே மற்றவற்றுக்கு அழைப்பு, மொத்தமாகக் கிளம்பி வரும். தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலில் மாட்டி அது செத்துப்போகும். கதண்டும் குளவியும் அப்படியில்லை, ஒன்றே பல முறை கொட்டும். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் களை வெட்டும் மிஷினை வேலியோரம் ஓட்டிக்கொண்டு போனபோது புதருக்குள் இருந்த கூட்டில் அதிர்வு பட்டு அத்தனையும் கிளம்பிவிட்டன. மிஷின் சத்தத்தில் அவருக்கு முதல் கொட்டு விழும் வரை ஒன்றும் தெரியவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும், இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கிறவர்களும் குளவி கொட்டி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி அடிக்கடி வருகிறதே, அங்கேயும் பெரும்பாலும் இதுதான் கதை, புதருக்குள் கூடு இருப்பது தெரியாமல் கத்தியோ கையோ போய்விடுகிறது. களை வெட்டும் முன்னால் அந்த இடத்தைத் தள்ளி நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரே புள்ளியை நோக்கிப் பெரிய பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தால் அங்கே கூடு இருக்கிறது.

துரத்த ஆரம்பித்துவிட்டால் நின்று கையை வீசாதீர்கள், படுக்காதீர்கள், கிணற்றிலோ வாய்க்காலிலோ குதிக்காதீர்கள். முகத்தையும் தலையையும் துண்டால் மூடிக்கொண்டு ஓடுங்கள், வீடோ காரோ கதவு மூடுகிற இடம் எதுவோ அங்கே போய்ச் சேரும்வரை ஓடுங்கள்.

கொட்டியபின் என்ன செய்வது என்பதில்தான் நம் ஆட்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள். சுண்ணாம்பு, வெங்காயம், மண்ணெண்ணெய் எதுவும் விஷத்தை எடுக்காது, சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். விரலில் கொட்டியிருந்தால் வீங்கும் முன்னால் மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒன்று ரெண்டு கொட்டு என்றால் பெரும்பாலும் வலியோடும் வீக்கத்தோடும் போய்விடும். ஆனால் ஒரே கொட்டாக இருந்தாலும் மூச்சு முட்டுகிறது, உதடு நாக்கு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிப்பு, தலை சுற்றல், வாந்தி, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, வீட்டு மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பல இடத்தில் கொட்டியிருந்தால், குறிப்பாகக் கதண்டு என்றால், ஆள் தெளிவாகப் பேசினாலும் அழைத்துப் போக வேண்டும். அந்த விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அது அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து மூத்திரம் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போகும்போதோ, அளவு குறையும்போதோதான் தெரியவரும். சேட்டனை அன்றே சேர்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, சில நாள் வைத்திருந்து பார்த்தார்கள், அதனால் பிழைத்தார். வீட்டில் படுத்திருந்து மறுநாள் பார்ப்போம் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்குப் பயம்.

ஆக, கதண்டுக்கூடு ஆள் நடமாடும் இடத்தில் இருந்தால் 101-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறைக்கு இது வழக்கமாக வருகிற வேலை. பழகியவர்கள் உடம்பு முழுக்க மூடிக்கொண்டு பெரும்பாலும் இருட்டிய பிறகு வருவார்கள், அதுவரை அந்தப் பக்கம் யாரும் போகாமல் கயிறு கட்டி வைப்பதும், ஆடு மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுவதும் நம் பொறுப்பு. பாறையிலோ தண்ணீர்த் தொட்டியிலோ பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ, கதண்டு இல்லை, பூக்காலம் முடிந்தால் தானாகக் கிளம்பிப் போகும், முடிந்தவரை கொளுத்தச் சொல்லாதீர்கள்.

மருந்து விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குத் தோப்புதான் காரணம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தபோது இலையெல்லாம் கரும்பூசணம் பிடித்துத் தோப்பே கறுத்துக் கிடந்தது. அடித்த மருந்தெல்லாம் வீண். அதை ஓரளவுக்குக் கட்டுக்குள் கொண்டுவந்தது என்கார்சியா என்கிற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக் குளவி. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும், குஞ்சு கறுத்துச் சாகும். அந்தக் கறுத்த குஞ்சுகள் இருக்கும் ஓலைத் துண்டுகளை வெட்டி மற்ற மரங்களில் குத்தி வைக்கச் சொன்னார்கள், நாங்களும் செய்தோம். பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்துக்கொண்டிருந்தபோது 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்டதும் அசெரோஃபேகஸ் என்ற குட்டிக் குளவிதான். பூச்சிமருந்துக் கடையில் தருகிற பைரித்ராய்டு மருந்தைக் குளவிக்கென்று வாங்கி மரத்தைச் சுற்றி அடித்தால் செத்துப்போவது வாசலில் இருக்கிற ஒரு கூடு மட்டும் இல்லை, இந்தக் குட்டிக் குளவிகளும் தேனீயும் சேர்ந்துதான், வாய்க்காலில் கலந்தால் மீனும்.

மருந்துக்குப் பதிலாக நான் செய்வது குப்பையைக் குறைப்பது. விழுந்த சப்போட்டா, பலாச்சுளை, மாம்பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்கிக் குழியில் போட்டு மண் தள்ளுவது, மீன் கழுவிய செதிலையும் குடலையும் திறந்து போடாமல் புதைப்பது, சொட்டுகிற குழாயைச் சரிசெய்வது. கள் இறக்குகிற அண்ணனிடம் சொல்லி முட்டியை மூடி வைக்கவும், கள் வடிகட்டும் இடத்தை வீட்டிலிருந்து தள்ளி வைக்கவும் ஏற்பாடு செய்தோம், முற்றத்தில் குளவி நடமாட்டம் அதற்குப் பிறகு நன்றாகவே குறைந்தது.

தேங்காய் வெட்டுக்கு ஆள் வருகிறபோது ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்தின் கொண்டையையும் கீழிருந்து பார்க்கச் சொல்லி, கூடு இருக்கும் மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறோம். போன வெட்டுக்கு வந்த பெரியவர் கிணற்று மேட்டு மரத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, கொண்டையில கதண்டு கட்டியிருக்குதுங், நான் ஏற மாட்டனுங், நீங்களும் யாரையும் ஏத்தி உட்றாதீங்க" என்றார். சரிங்க என்று துணியைக் கட்டி, அந்த வரிசையில் களை வெட்டவும் வேண்டாம், காய் தானாக விழட்டும் என்று விட்டுவிட்டோம். அடியில் யாரும் நிற்காமல் இருக்க ஓலையை வெட்டிப் போட்டு வழியை மறித்திருக்கிறது. கூடு எடுக்கிற ஆளிடம் சொல்லியாயிற்று, அடுத்த வெட்டுக்கு முன்னால் ஒரு ராத்திரி வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.